அழித்துப் போடுவது பழுதுபார்ப்பு ஆகாது

கேம் பாதியில் கிராஷ் ஆகிறது என்று வாயெடுத்தால் போதும், மூன்று தீர்ப்புகள் உடனே வந்து விழும். ‘உன் மெஷின் தாங்காது.’ ‘டிரைவரை அப்டேட் பண்ணு.’ ‘ஃபார்மட் அடிச்சு விண்டோஸைப் புதுசா போட்டுரு.’ கூடவே ஏதோ ஓர் அறிவிப்பு திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது என்று சொன்னால் நான்காவது தீர்ப்பும் உண்டு: ‘நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணிடு.’ கடைக்காரர் சொல்கிறார், கல்லூரி நண்பர் சொல்கிறார், கேம் விற்ற நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையும் பெரும்பாலும் முதல் பதிலாக இதையேதான் அனுப்புகிறது. எத்தனை பேர் சொன்னாலும் இது தவறு. வெறும் பயனற்ற ஆலோசனை என்றால் பேசாமல் விட்டுவிடலாம். கோளாறு எங்கே இருக்கிறது என்று காட்டக்கூடிய தடயத்தை இது அழித்துவிடுகிறது. பழியையும் செலவையும் விளையாடுகிறவர் தலையில் கட்டுகிறது. அதனால்தான் மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

இந்தத் தீர்ப்புகளுக்கு அடியில் இரண்டு நம்பிக்கைகள் கிடக்கின்றன. ஒன்று, கேம் விழுந்தால் குற்றம் விளையாடுகிறவரின் கணினியில்தான் இருக்கும் என்பது. இன்னொன்று, ஏன் விழுந்தது என்பதைச் சாதாரண ஆள் கண்டுபிடிக்கவே முடியாது, ஆகவே எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தொடங்குவதே வழி என்பது. இரண்டையும் தனித்தனியாக எடுத்துப் பார்க்கலாம்.

முதல் நம்பிக்கையை உடைக்க பிளேஸ்டேஷன் ஒன்றே போதும். அதில் மாற்றிப் போட கிராபிக்ஸ் கார்டு கிடையாது, தேடிப் போட டிரைவர் கிடையாது, தூக்கி எறிய விண்டோஸ் கிடையாது. ஒரே மாதிரிப் பெட்டி பல கோடி வீடுகளில் இருந்தது. 2020 டிசம்பர் 10 அன்று ‘சைபர்பங்க் 2077’ வெளியானபோது அந்தப் பெட்டியில்தான், பிளேஸ்டேஷன் 4-இல், அது மறுபடி மறுபடி விழுந்தது. ஒரே வாரத்தில் சோனி அந்த விளையாட்டைத் தன் டிஜிட்டல் கடையிலிருந்து இறக்கிவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. 2021 ஜூனில்தான் அது மீண்டும் அந்தக் கடைக்கு வந்தது. அந்த ஆறு மாத காலத்தில் எந்த விளையாட்டாளர் தன் பெட்டியில் எதைச் சரிசெய்திருக்க முடியும்? கணினிப் பக்கத்திலும் இதற்கு முன்னோடி உண்டு. 2015 ஜூனில் வெளிவந்த ‘பேட்மேன்: ஆர்க்கம் நைட்’ விளையாட்டின் கணினிப் பதிப்பு அவ்வளவு மோசமாக ஓடியதால், வெளியிட்ட நிறுவனமே சில நாட்களில் விற்பனையை நிறுத்தியது. அக்டோபர் இறுதியில்தான் மறுபடி விற்றது. விற்றவர்களே ‘பிழை கேமில்தான்’ என்று கடையை மூடிய சமயங்கள் இவை. அப்போதும் எத்தனையோ பேர், நண்பர்களின் பேச்சைக் கேட்டு, நன்றாக இருந்த விண்டோஸை அழித்துப் போட்டிருப்பார்கள்.

இதற்கு ஒரு பதில் வரும் என்று தெரியும். ‘அதெல்லாம் ஊரறிந்த கேஸ். உன் கேம் மத்தவங்களுக்கு ஓடுதே? உனக்கு மட்டும் விழுந்தா உன் மெஷின்தானே காரணம்?’ கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2024-ஆம் ஆண்டு இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பாடம் நடத்தியது.

இன்டெல் நிறுவனத்தின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில், குறிப்பாகக் கோர் ஐ9 வரிசையில், அன்ரியல் எஞ்சினைக் கொண்டு செய்த விளையாட்டுகள் காரணம் தெரியாமல் விழுந்துகொண்டிருந்தன. திரையில் வந்த செய்தி ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்பது. 24 ஜிபி வீடியோ மெமரி கொண்ட ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு போட்டவருக்கும் அதே செய்தி. எல்லோரும் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள். டிரைவரை மாற்றினார்கள், பழைய டிரைவருக்குத் திரும்பினார்கள், கார்டையே கழற்றித் திருப்பிக் கொடுத்தார்கள், விண்டோஸை அழித்துப் போட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. ‘மற்றவர்களுக்கு ஓடுகிறது’ என்பதும் உண்மையாகவே இருந்தது. வேறு பிராசஸர் வைத்திருந்தவர்களுக்கு நன்றாக ஓடியது.

முடிச்சு அவிழ்ந்தது எப்படி என்பதுதான் கவனிக்க வேண்டியது. விளையாட்டுக் கோப்புகளைச் சுருக்கி விரிக்கும் ‘ஊடில்’ என்ற மென்பொருளைச் செய்கிறவர்கள், கோப்பை விரிக்கும்போது கணக்கு தவறுவதாக வந்த புகார்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். கோப்பில் பழுதில்லை, மென்பொருளில் பழுதில்லை, குறிப்பிட்ட சில பிராசஸர்களில் மட்டும் விடை தப்பாக வருகிறது என்று வெளிப்படையாக எழுதினார்கள். தப்பாக விரிந்த கோப்பைத்தான் அந்த எஞ்சின் கடைசியில் ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று புகாராகச் சொல்லிக்கொண்டிருந்தது. ‘வார்ஃப்ரேம்’ விளையாட்டைச் செய்கிறவர்களும் தங்களுக்கு வந்த கிராஷ் அறிக்கைகளைப் பிராசஸர் வாரியாகப் பிரித்துப் பார்த்து இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இன்டெல் முதலில் மதர்போர்டு தயாரிப்பாளர்கள் வைத்த அமைப்புகளைச் சுட்டியது. பிறகு 2024 ஜூலையில், பிராசஸருக்குள் இருக்கும் மைக்ரோகோட் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டதே காரணம் என்று ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது, உத்தரவாதக் காலம் இரண்டு ஆண்டுகள் நீண்டது. ஏற்கெனவே சேதமான சில்லுக்கு அந்தத் திருத்தத்தாலும் உயிர் வரவில்லை. மாற்றித்தான் தர வேண்டியிருந்தது.

இந்தச் சம்பவத்தில் எதிர்த்தரப்புக்குச் சாதகமான ஒரு விஷயமும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. குற்றம் உண்மையிலேயே அவரவர் கணினிக்குள்தான் இருந்தது. அதோடு திரையில் வந்த செய்தி பொய் சொன்னது. ஆனால் இரண்டும் சேர்ந்து என் பக்கத்தையே பலப்படுத்துகின்றன. குற்றம் கணினியில் இருந்தும் ‘உன் மெஷின் தாங்காது’ என்ற தீர்ப்பு தப்பு. விழுந்தவை விலை உயர்ந்த புதிய பிராசஸர்கள். ஃபார்மட் அடித்தவர்களுக்குப் பலன் பூஜ்யம். அறிக்கைகளைச் சேர்த்து ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தவர்கள்தான் உண்மையைப் பிடித்தார்கள். ஒற்றைச் செய்தியை அப்படியே நம்பச் சொல்லவில்லை நான். தூக்கி எறியாதீர்கள், எடுத்து வையுங்கள், இன்னொன்றோடு ஒப்பிடுங்கள் என்கிறேன்.

‘நேத்து வரைக்கும் ஓடுச்சு, அப்டேட் போட்டதும் போச்சு. விண்டோஸ்தான் கெட்டுப்போச்சு’ என்பது இன்னொரு பிரபலமான வாதம். இதற்குப் பதில் சொல்ல ‘ஜிடிஏ: சான் ஆண்ட்ரியாஸ்’ இருக்கிறது, நம்மில் ஒரு தலைமுறை பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் விளையாடிய அதே கேம். 2024 இறுதியில் விண்டோஸ் 11-இன் 24எச்2 அப்டேட் வந்த பிறகு அந்த விளையாட்டிலிருந்த ‘ஸ்கிம்மர்’ என்ற நீர்விமானம் காணாமல் போனது. வலுக்கட்டாயமாக வரவழைத்தால், விளையாடுகிறவரோடு சேர்த்து எண்ணிப் பார்க்க முடியாத உயரத்துக்கு வானத்தில் எறியப்பட்டது. யாரானாலும் மைக்ரோசாஃப்டைத்தான் திட்டுவார்கள். பழைய ஜிடிஏ விளையாட்டுகளுக்கு ஆண்டுக்கணக்கில் இலவசமாகத் திருத்தங்கள் எழுதிவரும் ஒருவர் அதை நிரலின் அடி வரைக்கும் போய்ப் பார்த்தார்.

அவர் கண்டது இது. விளையாட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோப்பில் ஒரு வரி உண்டு, வரியின் கடைசியில் சக்கரத்தின் அளவு இருக்கும். ஸ்கிம்மர் முந்தைய ஜிடிஏ விளையாட்டான ‘வைஸ் சிட்டி’யில் படகு வகையில் சேர்க்கப்பட்டிருந்தது. படகுக்குச் சக்கரம் இல்லை, அதனால் அந்த வரியில் அளவும் இல்லை. சான் ஆண்ட்ரியாஸில் அதை விமான வகைக்கு மாற்றியவர்கள் அந்த வரியை நிரப்ப மறந்துவிட்டார்கள். படிக்கிற நிரலும் ‘அளவு இல்லையென்றால் என்ன செய்வது’ என்று யோசிக்கவில்லை. அதற்கு முந்தைய வரியில் படித்த வண்டியின் சக்கர அளவு நினைவகத்தில் மிச்சம் இருந்தது. அதையே எடுத்துக்கொண்டு ஓடியது. கணினிப் பதிப்பு வந்தது 2005-இல். அன்றிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த மிச்சத்தின் தயவில்தான் அந்த விமானம் பறந்தது. 24எச்2-இல் விண்டோஸின் ஓர் உள்வேலை, நினைவகத்தில் தனக்கு உரிமையான அந்த இடத்தை முன்பைவிடச் சற்று அதிகமாகப் பயன்படுத்தத் தொடங்கியது. மிச்சம் அழிந்தது, இருபது ஆண்டுக் கடன் வெளியே வந்தது. விண்டோஸ் ஒரு தப்பும் செய்யவில்லை. பயனரும் செய்யவில்லை. கணினியை நூறு முறை ஃபார்மட் அடித்திருந்தாலும் அந்த விமானம் திரும்பியிருக்காது. ஒரு வரியின் கடைசியில் இல்லாமல் போன எண்களை எழுதியதும் திரும்பியது.

இன்று இது வினோதமாகத் தெரியலாம். ஆனால் பழுதை இப்படித் தேடிப்போவது ஒரு காலத்தில் தொழிலின் அடிப்படை ஒழுக்கமாகவே இருந்தது. 1995-இல் விண்டோஸ் 95 தயாரானபோது, பழைய விண்டோஸில் நன்றாக ஓடிய ‘சிம்சிட்டி’ புதியதில் விழுந்தது. விடுவித்துவிட்ட நினைவகத்தை உடனே மறுபடி படிக்கிற பிழை அந்த விளையாட்டுக்குள் இருந்தது. மைக்ரோசாஃப்ட் சோதனையாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். சிம்சிட்டி ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் நினைவகத்தை உடனே திருப்பி எடுக்காமல் விடும் ஏற்பாட்டை விண்டோஸிலேயே சேர்த்தார்கள். இந்தக் கதையை மென்பொருள் எழுத்தாளர் ஜோயல் ஸ்போல்ஸ்கி பிரபலப்படுத்தினார். பிறர் பிழையைத் தன் வீட்டுக்குள் வந்து சுமந்த நிறுவனத்தையும், தன் பிழைக்கு வாடிக்கையாளரின் கணினியைக் கைகாட்டும் நிறுவனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாம் எவ்வளவு குறைவாக எதிர்பார்க்கப் பழகிவிட்டோம் என்பது தெரியும்.

‘மெஷின் தாங்காது’ என்ற தீர்ப்புக்கு இன்னும் ஒரே ஒரு சாட்சி. ‘ஜிடிஏ ஆன்லைன்’ கணினியில் திறக்க ஐந்தாறு நிமிடங்கள் ஆவது ஆண்டுக்கணக்கில் எல்லோரும் சகித்துக்கொண்ட விஷயம். எஸ்எஸ்டி போடு, பிராசஸரை மாற்று என்பதுதான் வழக்கமான ஆலோசனை. 2021 தொடக்கத்தில் ஒரு விளையாட்டாளர், நிறுவனத்தின் மூல நிரல் கையில் இல்லாமலே, அந்த நிமிடங்களில் பிராசஸர் என்ன செய்கிறது என்று அளந்தார். சுமார் 63,000 பொருட்கள் கொண்ட 10 எம்பி விலைப்பட்டியல் ஒன்றைப் படிக்கும்போது, ஒவ்வொரு பொருளுக்கும் கோப்பின் மீதி நீளம் முழுவதையும் மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருந்தது. அவர் திருத்தியதும் காத்திருப்பு எழுபது சதவீதம் குறைந்தது. கேமைச் செய்த ராக்ஸ்டார் நிறுவனம் அதை ஏற்றுத் திருத்தம் வெளியிட்டது, அவருக்கு 10,000 டாலர் பரிசும் தந்தது. அதற்குள் எத்தனை பேர் புதுக் கணினி வாங்கினார்களோ.

இனி இரண்டாவது நம்பிக்கை: ‘அதெல்லாம் நமக்குப் புரியாது.’ மேலே சொன்னவர்கள் நிபுணர்கள், நாம் எங்கே போக என்று கேட்கலாம். ஆனால் நம் வீட்டு விண்டோஸே குறிப்பெழுதி வைக்கிறது. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி ‘ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ என்று தட்டினால் நாள்வாரியாக ஒரு வரைபடம் வரும்; எந்த நாளில் எது விழுந்ததோ அந்த நாளில் சிவப்புக் குறி இருக்கும். விஸ்டா காலத்திலிருந்து இது இருக்கிறது. அந்தக் குறியைத் தொட்டால் விழுந்த செயலியின் பெயர், எந்த மாட்யூலுக்குள் விழுந்தது, என்ன குறியீட்டு எண் என்பதெல்லாம் வரும். ‘சி0000005’ என்று முடியும் எண் என்றால், நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டிருக்கிறது என்று பொருள். மாட்யூல் கேமின் சொந்தப் பெயராகவே இருந்தால் முதல் சந்தேகம் கேமின் மேல். கிராபிக்ஸ் டிரைவரின் பெயர் என்றால் அதன் மேல். விளையாட்டின் மேலே மிதந்து எஃப்பிஎஸ் காட்டும், பேச்சு வசதி தரும் ஓவர்லே செயலிகளின் பெயர் வந்தால் அதை மூடிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். விழுந்த இடமும் இடறிய இடமும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்டெல் விவகாரத்தில் பார்த்தது அதுதான்.

விழுகிற விதமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். திரை கறுத்து, ஓரிரு விநாடியில் திரும்பி, கேம் மட்டும் போய்விட்டதா? கிராபிக்ஸ் சில்லு இரண்டு விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரை மறுபடி துவக்கும். ‘டிஸ்ப்ளே டிரைவர் பதிலளிப்பதை நிறுத்தி மீண்டது’ என்று தன் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு எழுதியும் வைக்கும். கணினியே சட்டென்று அணைந்து மறுபடி துவங்கியதா? ‘கெர்னல் பவர் 41’ என்ற பதிவைப் பார்க்கலாம். கேம் ஓடும்போதுதான் மின்சாரம் அதிகம் இழுக்கப்படும், பலவீனமான பவர் சப்ளை அப்போதுதான் கைவிடும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் நம் தெருக்களில் இது அபூர்வமும் இல்லை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில், வேறு வேறு மாட்யூலில் விழுகிறதா? ரேம் மேல் சந்தேகம் வைத்து, ஓர் இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓட விடலாம். இவற்றில் எதற்குமே விண்டோஸை அழித்துப் போடுவது மருந்து கிடையாது. அழித்தவுடன் இந்தப் பதிவுகள் அத்தனையும் போய்விடும் என்பதுதான் அதைவிட மோசம்.

திரும்பத் திரும்ப வரும் அறிவிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதில்தான் தவறான ஆலோசனை அதிகத் தீங்கு செய்கிறது.

என் அக்கா மகனுக்கு ஒரு சிறிய ஸ்டூடியோ செய்த கேம் மேல் கொள்ளை ஆசை. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அது விழும். வெளியே வந்து பார்த்தால் திரையின் வலது மூலையில் ஒரே அறிவிப்பு வரிசையாகக் குவிந்து கிடக்கும். “மாமா, கிராஷ் ஆனா இது வருது. கடைக்கார அண்ணன்கிட்ட கேட்டேன், அதை ஆஃப் பண்ணிட்டு விளையாடுன்னாரு” என்றான். அந்தக் கடையில் ஏற்கெனவே ஃபார்மட் அடித்துக் கொடுத்திருந்தார்கள், அதற்குக் காசும் வாங்கியிருந்தார்கள். அந்த அறிவிப்பைப் படித்தாயா என்று கேட்டேன். “அது ஏதோ செக்யூரிட்டி மாமா.”

ஏதோ செக்யூரிட்டிதான். ‘அனுமதியில்லாத மாற்றம் தடுக்கப்பட்டது’ என்று சொல்லி, கேமின் பெயரையும் அது போட்டிருந்தது. விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ என்று ஒரு பாதுகாப்பு உண்டு. ரேன்சம்வேர் வந்து டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களைப் பூட்டிவிடாமல் தடுக்க 2017-இல் விண்டோஸ் 10-க்கு வந்தது. தானாக அது இயங்காது, யாராவது இயக்க வேண்டும். ஃபார்மட் செய்து கொடுத்தவர் ‘செக்யூரிட்டி எல்லாம் டைட்டா போட்டிருக்கேன்’ என்று இதையும் இயக்கிவிட்டிருந்தார். விண்டோஸுக்கு அறிமுகமில்லாத செயலி எதுவும் டாக்குமென்ட்ஸில் எழுத முடியாது. அந்த கேம் தன் சேவ் ஃபைலை அங்கேதான் எழுதும். கட்டம் முடிந்ததும் எழுதப் போகும், கதவு மூடியிருக்கும். எழுத முடியாவிட்டால் என்ன செய்வது என்று அதைச் செய்தவர்கள் யோசித்து வைக்கவில்லை, ஆகவே விழும். கேம் முழுத்திரையில் ஓடும்போது விண்டோஸ் தானாகவே அறிவிப்புகளை அடக்கி வைக்கும், வெளியே வந்த பிறகு மொத்தமாகக் காட்டும். அதனால்தான் கிராஷ் ஆன பிறகு அறிவிப்பு வந்ததாக அவனுக்குத் தோன்றியது. ப்ரொடெக்‌ஷன் ஹிஸ்டரியைத் திறந்து, தடுத்த நேரத்தையும் ரிலையபிலிட்டி ஹிஸ்டரியில் கேம் விழுந்த நேரத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். தடுப்பு முந்தி, கிராஷ் பிந்தி. அனுமதிக்கப்பட்ட செயலிகளின் பட்டியலில் கேமைச் சேர்த்ததும் இரண்டும் நின்றன.

கடைக்காரர் சொன்னபடி அறிவிப்பை அணைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கிராஷ் அப்படியே இருந்திருக்கும், காரணத்தைச் சொன்ன ஒரே குரல் மட்டும் போயிருக்கும். மறுபடி ஃபார்மட் செய்திருந்தால், அவரே மறுபடி அதே பாதுகாப்பை இயக்கி, அதே கோளாற்றைப் புதிதாக நிறுவிக் கொடுத்திருப்பார். அவர் கெட்டவர் இல்லை, ஏமாற்றவும் இல்லை. படித்துப் பார்ப்பது வேலையின் ஒரு பகுதி என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, கேட்கும் வாடிக்கையாளரும் இல்லை.

கேமுக்குள்ளேயே வரும் அறிவிப்புகளுக்கும் இதே நியாயம்தான். ‘புதிய பரிசு கிடைத்தது’, ‘சாதனை திறந்தது’ என்று ஏற்கெனவே பார்த்தது ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வருகிறது என்றால், ‘இதைக் காட்டியாயிற்று’ என்ற குறிப்பு வட்டில் பதியவில்லை என்று அர்த்தம். பல விளையாட்டுகள் அந்தக் குறிப்பை அவ்வப்போது எழுதுவதில்லை. ஒழுங்காக மூடும்போது மொத்தமாக எழுதும். ஒழுங்காக மூடும் முன்பே விழுந்துவிட்டால் குறிப்பு போயிற்று, அறிவிப்பு திரும்ப வரும். அல்லது சேவ் ஃபைல் இருக்கும் இடத்தில் எழுத அனுமதி இல்லாமல் இருக்கலாம். அல்லது கிளவுடில் இருக்கும் பழைய சேவ் ஒவ்வொரு முறையும் புதியதன் மேல் வந்து உட்காரலாம். கிராஷ் ஒரு பிரச்சினை, அறிவிப்பு வேறொரு பிரச்சினை என்று இரண்டாகப் பிரித்து, பெரியதை ஃபார்மட்டாலும் சிறியதை அணைத்தும் தீர்க்கப் பார்ப்பது எவ்வளவு கோணல் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். பெரும்பாலும் இரண்டும் ஒரே கோளாறுதான், அறிவிப்பு அதன் வெளியே தெரியும் முனை.

ஃபார்மட் கட்சிக்காரர்களின் பலமான வாதத்துக்கு வருகிறேன்: ‘எத்தனையோ பேருக்கு ஃபார்மட் அடிச்சதும் சரியாயிருக்கே.’ உண்மைதான். கேம் கோப்பு ஒன்று கெட்டிருந்தால், டிரைவர் பாதி நிறுவப்பட்டு நின்றிருந்தால், இரண்டு ஓவர்லேகள் சண்டையிட்டுக்கொண்டிருந்தால், எல்லாவற்றையும் அழித்துப் போடும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். ஆனால் கெட்ட கோப்பை மாற்ற, கேம் விற்கும் ஸ்டீமில் ‘வெரிஃபை இன்டெக்ரிட்டி’ என்ற வசதி இருக்கிறது. கோப்புகளைச் சரிபார்த்து, கெட்டதை மட்டும் மறுபடி இறக்கும், சில நிமிட வேலை. அந்தச் சில நிமிடத்துக்குப் பதிலாக ஒரு நாளைச் செலவழித்து, போட்டோக்களையும் சேவ் ஃபைல்களையும் பணயம் வைத்து, எது காரணம் என்று கடைசிவரை தெரியாமலே ‘சரியாகிவிட்டது’ என்கிறோம். காரணம் தெரியாததால் மூன்று மாதம் கழித்து அதே ஓவர்லேயை அதே கையால் மறுபடி நிறுவுவோம், கேம் மறுபடி விழும், ‘விண்டோஸ் அப்படித்தான், அடிக்கடி ஃபார்மட் அடிக்கணும்’ என்ற மூடநம்பிக்கை இன்னும் ஓர் அங்குலம் வளரும்.

‘டிரைவரை அப்டேட் பண்ணு’ என்பதும் இதே ரகம். புதிது எப்போதும் நல்லது என்ற நம்பிக்கையில் சொல்வது. 2010 மார்ச்சில் என்விடியா தன் 196.75 டிரைவரை வெளியிட்ட சில நாட்களிலேயே திரும்பப் பெற வேண்டியிருந்தது; அது விசிறியின் வேகத்தைச் சரியாகக் கட்டுப்படுத்தாமல் கார்டுகள் அளவுக்கு மீறிச் சூடேறின. அன்று சொன்னபடி கேட்டு அப்டேட் செய்தவர்கள் நஷ்டப்பட்டார்கள். கேம் என்றிலிருந்து விழுகிறது, அதற்கு முதல் நாள் என்ன மாறியது என்று பார்த்துவிட்டுத்தான் முன்னே போவதா, பின்னே போவதா என்று முடிவெடுக்க வேண்டும். அந்தத் தேதியும் ரிலையபிலிட்டி ஹிஸ்டரியிலேயே இருக்கிறது.

கிராக் செய்த பதிப்பை ஓட்டிவிட்டு ‘கிராஷ் ஆகுது’ என்று புகார் சொல்கிறவர்களும் நம்மிடையே உண்டே என்றால், உண்டு. அங்கே ஆன்டிவைரஸ் ஒரு கோப்பைப் பிடித்து அடைத்து வைத்திருக்கலாம், கிராக் போட்டவரின் கைவரிசையே காரணமாக இருக்கலாம். அப்படிப்பட்டவருக்குத் தயாரிப்பாளரிடம் கேட்க உரிமை இல்லை. ஆனால் அதைக் காட்டி, காசு கொடுத்து வாங்கியவரையும் அதே கூட்டத்தில் சேர்த்து வாயடைப்பது அநியாயம்.

இதில் பணம் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. மகன் கேட்கிறானே என்று ஒரு மாதச் சம்பளத்தையோ அதற்கு மேலோ கொடுத்துக் கிராபிக்ஸ் கார்டு வாங்கித் தருகிற குடும்பங்கள் இருக்கின்றன. ‘மெஷின் தாங்காது’ என்று எந்த ஆதாரமும் இல்லாமல் சொல்வது அந்தக் குடும்பத்தின் கையில் பில்லை நீட்டுவது. கார்டு உண்மையிலேயே போதாது என்றால், கேமின் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலோடு ஒப்பிட்டுக் காட்டட்டும். வேகம் குறைவதும் விழுவதும் வேறு வேறு விஷயம். சக்தி போதாத கார்டில் படம் தத்தித் தத்தி ஓடும். ஒழுங்காக எழுதிய கேம், போதவில்லை என்பதற்காக விழக் கூடாது. போதவில்லை என்று சொல்லிவிட்டு நிற்க வேண்டும்.

பணத்தோடு இன்னொரு கணக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்டீமில் வாங்கிய கேமை, வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், காரணம் எதுவானாலும் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். 2015 ஜூனிலிருந்து இந்த விதி இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு மணி நேரம், கேம் திறந்திருக்கும் நேரமெல்லாம் சேர்ந்தது. முதல் திரையில் உறைந்து நிற்பதும் கணக்கில் வரும், அப்டேட் செய்துவிட்டு ‘இப்ப ஓடுதா பாரு’ என்று மறுபடி திறப்பதும் வரும், ஃபார்மட் அடித்துவிட்டு மறுபடி முயல்வதும் வரும். ஆளுக்கொரு வைத்தியம் சொல்லச் சொல்ல, ஒரு கட்டம்கூட முழுதாக விளையாடாதவரின் கணக்கில் இரண்டு மணி நேரம் கடந்துவிடும், பணம் தயாரிப்பாளரிடமே தங்கிவிடும். ஆகவே புதிதாக வாங்கிய கேம் இரண்டாம் முறை விழுந்ததும் நிறுத்திவிடுங்கள். ரிலையபிலிட்டி ஹிஸ்டரியில் இருக்கும் அந்தப் பதிவைப் படம் எடுங்கள், மூலையில் வந்த அறிவிப்பையும் எடுங்கள், கேம் எந்தப் பதிப்பு, டிரைவர் எந்தப் பதிப்பு, எந்த இடத்தில் விழுந்தது என்று எழுதித் தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள். விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி முயலுமாறு பதில் வந்தால், அந்தப் பதிவில் எந்த வரி அப்படிச் செய்யச் சொல்கிறது என்று கேட்டுத் திருப்பி எழுதுங்கள். பதில் வரும்வரை கேமைத் திறக்காதீர்கள். பதினான்காம் நாளுக்கு முன்பு வரவில்லையென்றால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.